முகத்தைப் பார்ப்பதா, தரையைப் பார்ப்பதா?

கேள்வி: தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அறுவை சிகிச்சை வார்டிலிருந்து சமீபத்தில் மனநலப் பிரிவுக்கு மாற்றினார்கள். போன வாரம் நர்சிங் ஸ்டேஷனில் கூட இருந்த சிஸ்டரிடம் ஏதோ பேசிச் சிரித்தேன். எதிர்க் கட்டிலில் இருந்தவர், "என்னைப் பாத்து எதுக்குச் சிரிக்கிறே?" என்று கத்திக்கொண்டே டம்ளரை வீசினார். "இங்கே யார் முகத்தையும் பார்க்காதே, மாத்திரையைக் கொடுத்துட்டு வந்துடு" என்கிறார் வார்டு இன்சார்ஜ். கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததோ கண்ணைப் பார்த்துப் பேசு, முன்னால் சாய்ந்து உட்கார், புன்னகை செய் என்று. எது சரி? பேசாமலே படுத்திருக்கும் ஓர் அம்மாவிடம் என்ன செய்வதென்றும் தெரியவில்லை. கையைப் பிடிக்கலாமா? இன்னொரு பையன் ராத்திரி முழுக்க நடந்துகொண்டே இருக்கிறான். ஹாலோபெரிடால் ஊசி ஆரம்பித்த பிறகு அடங்குவான் என்று பார்த்தால் நடை கூடித்தான் இருக்கிறது. அவன் அம்மா இன்னொரு ஊசி போடச் சொல்லிக் கெஞ்சுகிறார்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அந்தப் பையனிடமிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றதையெல்லாம் ஆற அமரப் பேசலாம். அவன் விஷயம் இன்றைக்கே டியூட்டி டாக்டரிடம் போக வேண்டும்.

நான் அவனைப் பார்க்கவில்லை, அதனால் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊசிக்குப் பிறகு நடை கூடியது என்றாலே மனநல வார்டில் பழகியவர்களுக்கு முதலில் தோன்றுவது அகதீசியா. ஹாலோபெரிடால் மாதிரியான மனநோய் மருந்து ஆரம்பித்தோ, அளவைக் கூட்டியோ சில நாளில் வரக்கூடிய பக்கவிளைவு அது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். நிற்கும்போதும் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். படுத்தாலும் பாதம் மெத்தையைத் தேய்த்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நோய் முற்றிவிட்டது போலவே தெரியும். உடனே அதே மருந்தில் இன்னொரு ஊசி. அது இன்னும் நடக்க வைக்கும். உள்ளே நடக்கும் இந்தத் தவிப்பு தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்தவர்களும் உண்டு. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அவனிடமே கேளுங்கள். "தம்பி, நடக்கணும்னு நடக்குறியா, உட்கார முடியாம நடக்குறியா?" யாருக்கோ பயந்து நடப்பவன், காதில் குரல் கேட்டு நடப்பவன் அதற்கு ஒரு பதில் சொல்வான். "கால் நிக்கவே மாட்டேங்குதுக்கா" என்று சொன்னால் அது வேறு. கேஸ் ஷீட்டில் "அமைதியின்றி இருக்கிறார்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நடந்தான், ஐந்து நிமிடமாவது உட்கார முடிந்ததா, அவன் வாயால் என்ன சொன்னான், கடைசி ஊசி எப்போது, இதையெல்லாம் எழுதுங்கள். மருந்தைக் குறைப்பதா, மாற்றுவதா, தவிப்பைத் தணிக்க ப்ரோப்ரனலால் கொடுப்பதா என்று டாக்டர் முடிவு செய்வார். அவன் அம்மாவிடம் "இது ஊசியாலயும் வரலாம்மா, டாக்டர் பார்க்கட்டும்" என்று சொல்லுங்கள், கெஞ்சுவது நின்றுவிடும்.

உங்கள் கேள்விக்கே இது ஒரு பதில்தான். மனநல வார்டில் நோயாளியின் உடம்பு பேசுவதில் பாதி அவர் மனம் பேசுவது இல்லை, மருந்து பேசுவது. முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், கண் இமைப்பதுகூடக் குறைந்து, கை வீசாமல் சின்னச் சின்ன அடியாக நடப்பவரை "உணர்ச்சியே இல்லாதவர்" என்று சொல்லிவிடுவோம். அது மருந்தால் வந்த பார்கின்சன் அறிகுறியாக இருக்கலாம். உள்ளே அவர் சிரித்துக்கொண்டுகூட இருக்கலாம், முகம் ஒத்துழைக்காது. கழுத்து ஒரு பக்கம் முறுக்கி, கண் மேலே சொருகி நிற்பவனைப் பார்த்து "நடிக்கிறான்" என்பார்கள், வீட்டார் பேய் என்பார்கள். அது டிஸ்டோனியா, மருந்தால் தசை இறுகி இழுத்துக்கொள்வது. டாக்டர் சொல்லி ஒரு ப்ரோமெதாசின் ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். தொண்டையைப் பிடித்தால் மட்டும் அது அவசரம். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் சாப்பிடுபவர் கை பெரிதாக நடுங்கி, பேச்சு குழறி, தள்ளாடினால் அடுத்த மாத்திரையை நிறுத்திவைத்து உடனே கூப்பிட வேண்டும். இவற்றையெல்லாம் பார்க்க முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இன்சார்ஜ் சொன்னதில் அந்தப் பாதி நிற்காது.

சரி, டம்ளருக்கு வருவோம்.

நீங்கள் சிரித்தது தப்பில்லை. சைகோசிஸ் (நிஜம் எது, பிரமை எது என்று பிரித்தறிய முடியாத நிலை) தீவிரமாக இருக்கும்போது நடப்பதெல்லாம் தன்னைச் சுற்றியே நடப்பதாக மனம் கணக்குப் போடும். எதிரே இருவர் பேசினால் தன்னைப் பற்றித்தான், சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான். நீங்கள் உம்மென்று இருந்திருந்தால், "என்னை ஏன் முறைக்கிறே" என்று கேட்டிருப்பார். ஆனால் ஒன்றை யோசியுங்கள். நர்சிங் ஸ்டேஷனில் நாம் செய்வதை அவர் கட்டிலிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? இரண்டு பேர் தலையைக் கிட்டே வைத்துக் குசுகுசுக்கிறோம். பேனாவால் ஒரு ஃபைலைத் தட்டிவிட்டு அவர் கட்டில் பக்கம் திரும்பிப் பார்க்கிறோம். போனைப் பார்த்துச் சிரிக்கிறோம். நல்ல மனநிலையில் இருப்பவருக்கே கொஞ்சம் உறுத்தும். சிரிப்பதை விடச் சொல்லவில்லை. குசுகுசுப்பை விடுங்கள், அவர் ஃபைலைப் பார்க்கும்போது அவரை நிமிர்ந்து பார்க்காதீர்கள்.

அவர் கொஞ்சம் தணிந்திருக்கும் நேரத்தில் போய்ச் சொல்லுங்கள்: "ஐயா, அன்னிக்கு அந்த சிஸ்டர் சொன்ன ஒண்ணுக்குச் சிரிச்சேன். உங்களைப் பத்திப் பேசலை." ஒரே ஒரு தடவை. அவர் நம்பவில்லை என்றால் வாதாட வேண்டாம், சத்தியமும் பண்ண வேண்டாம். "உங்களுக்கு அப்படித் தோணியிருக்கு, கஷ்டமாத்தான் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மூன்று தடவை விளக்கம் சொன்னால் ஏதோ மறைக்கிறீர்கள் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

அடுத்தது கல்லூரிப் பாடம். அமெரிக்க உளவியலாளர் ஜெரார்ட் ஈகன் 1975இல் எழுதிய ஆலோசனைப் பாடநூலிலிருந்து வந்தது அது. நேருக்கு நேர் உட்கார், கை காலைக் குறுக்கே கட்டாதே, முன்னால் சாய், கண்ணைப் பார், தளர்வாக இரு. "சோலர்" என்று சுருக்கிப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆலோசனை அறையில், தானாக வந்து எதிரே உட்கார்ந்திருப்பவருக்காகச் சொன்னது. யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று நம்பும் ஒருவருக்கு எதிரே நேருக்கு நேர் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தால் அவருக்கு என்ன தோன்றும்? அவருக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் சாய்கோணத்தில் உட்காருங்கள். அவர் பார்க்கும்போது பாருங்கள், அவர் கண்ணை எடுத்தால் நீங்களும் எடுத்துவிடுங்கள். ஸ்டூல் இருந்தால் போட்டு உட்காருங்கள், கட்டிலில் படுத்திருப்பவரின் தலைக்கு மேல் நின்று பேசாதீர்கள். கேட்காமல் அவர் கட்டிலில் உட்காருவதும் கூடாது. இந்த வார்டில் அவருக்கென்று இருப்பது அந்தக் கட்டில் ஒன்றுதான்.

பாடத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொன்றையும் இங்கேயே கழித்துவிடுகிறேன். பேச்சில் 7 சதவீதம்தான் வார்த்தை, 38 குரல், 55 முகம் என்று ஒரு கணக்கு எல்லா வகுப்பிலும் வரும், நர்சிங் பயிற்சி ஸ்லைடுகளிலும் வரும். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட சிறிய சோதனைகளிலிருந்து எடுத்தது அது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் சொல்லி, முகப் படத்தையும் காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். இதை நம்பி, "வார்த்தை முக்கியமில்லை, பாடி லாங்குவேஜ்தான்" என்று கிளம்புகிறவர்கள் நோயாளியிடம் வாயைத் திறந்து ஒன்றும் கேட்காமலே அவர் மனதைப் படித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தப்பாக.

நம் ஊர் உடம்புக்கு வேறு இலக்கணம் என்பதையும் அந்தப் புத்தகங்கள் சொல்லாது. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மனதை மூடிக்கொண்டார், எதிர்ப்பு காட்டுகிறார் என்று இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் டாக்டர் முன்னால் கையைக் கட்டி நின்றால் அது மரியாதை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார், குனிந்து தரையைப் பார்த்துப் பதில் சொல்வார். அந்தப் பணிவுக்குப் பின்னால் பழைய சாதிக் கணக்கும் பயமும் இருக்கும், அது நமக்குச் சந்தோஷப்படும்படியான விஷயமில்லை. ஆனால் மனச்சோர்வின் அறிகுறியும் இல்லை. புது மருமகள் ஆண் டாக்டரை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதற்காக "கண் தொடர்பு இல்லை" என்று எழுதிவிட்டால், அடுத்து பார்ப்பவர் அதை நோயாக எடுத்துக்கொள்வார். மாமியார் வெளியே போன பிறகு பார்க்கிறாளா, உங்களிடம் பேசும்போது பார்க்கிறாளா என்று கவனித்துவிட்டு எழுதுங்கள். நம் பக்கமும் அப்படித்தான். இடுப்பில் கை வைத்து நிற்பது, விரலை நீட்டிப் பேசுவது, கால் மேல் கால் போட்டுக்கொண்டு மருந்து விவரம் சொல்வது, இடது கையால் மாத்திரை நீட்டுவது, இதெல்லாம் அவருக்கு உடனே உறைக்கும். இதோடு அறுபது வயதுக்காரரிடம் "வா, போ, வாயைத் திற" வேறு. எலும்பு முறிவு வார்டில் அதே வயதுக்காரரை "வாங்க" என்கிறோம். மனநல வார்டில் மட்டும் மரியாதை ஏன் ஒருமைக்கு இறங்குகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நடைமுறையில் எனக்குப் பெரிதாக உதவியது ஒன்றுதான்: உடம்பு செய்யப்போவதை வாய் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "ஐயா, பிபி பார்க்க வர்றேன். இடது கையை நீட்டுங்க. பட்டை கொஞ்சம் இறுக்கும், அப்புறம் விட்டுடும்." இதைச் சொல்லிவிட்டுக் கிட்டே போங்கள். பின்னாலிருந்து போகவே போகாதீர்கள். 1970இல் அமெரிக்கச் சிறையில் ஒரு மனநல மருத்துவர் கைதிகளை நிற்க வைத்து, ஒவ்வொரு பக்கமாக மெல்ல நெருங்கிப் பார்த்தார். வன்முறை வழக்கம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட எட்டத்திலேயே நிறுத்தச் சொன்னார்கள், அதிலும் முதுகுப் பக்கம் இன்னும் அதிக தூரம் கேட்டார்கள். பயந்துபோன எவருக்கும் முதுகுதான் பயம்.

நைட் ரவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச்சை முகத்தில் அடிப்போம், மூச்சு விடுகிறாரா என்று பார்க்க. தூக்கத்தில் கண் கூச எழும் ஒருவருக்கு வெளிச்சத்துக்குப் பின்னால் யார் என்றே தெரியாது. தரையில் அடியுங்கள், அந்த வெளிச்சத்தில் மார்பு ஏறி இறங்குவது தெரியும். சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், அது குலுங்கும் சத்தம் பூட்டிய வார்டில் யாருக்கும் நல்ல சத்தமாகப் படாது. மாத்திரை நேரமும் அப்படித்தான். ட்ரேயோடு வேகமாக வந்து நீட்டிவிட்டு, விழுங்கும் முன்பே அடுத்த கட்டிலைப் பார்க்கிறோம். பிறகு திடீரென்று திரும்பி, "வாயைக் காட்டு, நாக்கைத் தூக்கு" என்கிறோம். முதலில் பேரைச் சொல்லுங்கள், மாத்திரை என்ன என்று சொல்லுங்கள், தண்ணீர் டம்ளர் காலியாகும் வரை அங்கேயே நில்லுங்கள். வாயைப் பார்க்க வேண்டியிருந்தால், "எல்லாருக்கும் பார்க்கிறதுதான், கொஞ்சம் காட்டுங்க" என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு நர்ஸுக்கு இத்தனை கட்டில் என்றால் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாரிடமும் முடியாது. பயந்திருப்பவர்கள் யார் என்று பார்த்து அவர்களிடமாவது செய்யுங்கள்.

இனி அந்த அம்மா. பேசாமல் படுத்திருப்பது மனச்சோர்வாக இருக்கலாம், கேட்டடோனியாவாகவும் (உடம்பு உறைந்து அசைவும் பேச்சும் நின்றுபோகும் நிலை) இருக்கலாம். கையைத் தூக்கிவிட்டால் அப்படியே நிற்கிறதா, தலையணை இல்லாமலே தலை தூக்கியபடி இருக்கிறதா, சாப்பாடு தண்ணீர் இறங்குகிறதா, சிறுநீர் போகிறதா, இவற்றைப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். கேட்டடோனியாவுக்கு லோராசிபாம் பல பேருக்கு நன்றாக வேலை செய்யும். அசையாமல் கிடந்தவர்கள் தேறிய பிறகு, கட்டில் பக்கம் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று சொல்வதுண்டு. அதனால் அவருக்குக் கேட்காது என்று நினைத்து, அவர் கட்டிலருகே அவர் கதையைப் பேசாதீர்கள்.

அவரிடம் தினமும் ஒரே நேரத்தில் போங்கள். "அம்மா, பத்து நிமிஷம் இங்கே உட்கார்ந்திருப்பேன். நீங்க பேசணும்னு இல்லை." சொன்னபடி பத்து நிமிடம் உட்காருங்கள், போனை எடுக்காமல். போகும்போது, "போயிட்டு நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். டியூட்டி மாறினால் அதையும் சொல்லுங்கள். முதல் நாலைந்து நாள் சுவரோடு பேசுவது போலத்தான் இருக்கும்.

கையைப் பிடிக்கலாமா? கேட்டுவிட்டுப் பிடிக்கலாம். பதில் வாயால் வராது, உடம்பால் வரும். உங்கள் கையை அவர் கைக்குப் பக்கத்தில் மெத்தை மேல் வையுங்கள். அவர் கை விலகினால் அதோடு விட்டுவிடுங்கள். விலகாவிட்டால் முழங்கைக்குக் கீழே, புறங்கைப் பக்கம் லேசாகத் தொடலாம். நாடி பார்ப்பது நமக்குக் கிடைத்த நல்ல சாக்கு, யாருக்கும் அதில் சந்தேகம் வராது. தலையைத் தடவுவது, தோளைப் பிடித்து அணைப்பது வேண்டாம். வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது, தொட்டவர்களால் அடிபட்டவராகவும் இருக்கலாம். மேனியாவில், அதாவது கட்டுக்கடங்காத உற்சாக வேகத்தில் இருப்பவரிடமும், சந்தேகத்தில் இருப்பவரிடமும், எதிர்பாலினத்தவரிடமும் சிகிச்சைக்குத் தேவையான தொடுதலைத் தவிர வேறு எதுவும் கூடாது. இரண்டு விரல் பட்டதை அவர் வேறு விதமாக அர்த்தம் செய்துகொண்டால் பாதிக்கப்படுவது அவரும்தான்.

இந்த அம்மா ஒரு நாள் எழுந்து தலைவாரி, தெளிந்த முகத்தோடு உட்காருவார். சந்தோஷப்படுங்கள், ஆனால் அந்த வாரம் கண்காணிப்பைக் குறைத்துவிடாதீர்கள். மனம் தேறுவதற்கு முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடும், அந்த இடைவெளி ஆபத்தானது. வளையலைக் கழற்றி யாருக்காவது கொடுப்பது, "எல்லாரையும் நல்லாப் பாத்துக்க" என்பது மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால், "சாகணும்னு நினைப்பு வருதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. கேட்டதை உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கூட இருப்பவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று. நாம் நோயாளியின் கட்டிலருகே நின்று, முகத்தை அவர் அம்மா பக்கம் திருப்பிக்கொண்டு, "நேத்து தூங்கினானா?" என்று கேட்கிறோம். நடுவில் இருபத்தைந்து வயது ஆள் படுத்திருக்கிறான். அவனைப் பார்த்து, "நேத்து தூக்கம் எப்படி?" என்று கேட்டுவிட்டு, பிறகு அம்மாவைப் பார்க்கலாம். லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் அவரோடு இருந்தவர்களும் வீடு திரும்பிய சிசோஃப்ரினியா நோயாளிகளின் குடும்பங்களை ஆராய்ந்தபோது, குறை சொல்லும் வீடுகளில் நோய் திரும்பி வருவது அதிகம் என்று கண்டார்கள். எது குறை சொல்வது என்று அவர்கள் கணக்கிட்டதில் வார்த்தையைவிடக் குரலின் தொனிக்குப் பெரிய இடம் உண்டு. "சாப்பிட்டியா" என்பதையே கரிசனமாகவும் கேட்கலாம், குத்தலாகவும் கேட்கலாம். வார்டில் நாம் கேட்கும் தொனியைத்தான் கூட இருக்கும் அம்மாவும் பிடித்துக்கொள்வார்.

இன்சார்ஜ் சொன்னதில் இன்னொரு பாதி சரி, அது தூரம். தாடை இறுகி, முஷ்டி மடங்கி, மூச்சு வேகமாகி, ஒரே இடத்தை முறைப்பவரிடம் புன்னகையோடு கிட்டே போகக் கூடாது. இரண்டு கை நீளம் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில், கை இரண்டும் தெரியும்படி நில்லுங்கள். கதவு வழி அவருக்கும் அடைபடக் கூடாது, உங்களுக்கும் அடைபடக் கூடாது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், அடையாள அட்டைக் கயிறு வேண்டாம். ஒருவர் மட்டும் பேசுங்கள், மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாக. நாலு பேர் சுற்றி வளைத்து நிற்பதே பாதி சண்டையை ஆரம்பித்துவிடும். கட்டி வைப்பது என்பது வேறு வழியே இல்லாதபோது, உடனடி ஆபத்தைத் தடுக்க மட்டும்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பொறுப்பு மனநல மருத்துவரின் ஒப்புதல் வேண்டும், காரணமும் நேரமும் குறிப்பில் ஏற வேண்டும், நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டுவதற்கு இடமே இல்லை. "ஊசி போட்டுடுவேன்", "கட்டிப் போட்டுடுவேன்" என்று சிரிஞ்சைக் காட்டி மிரட்டுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்பது என் அபிப்பிராயம்.

இன்சார்ஜோடு மோத வேண்டாம். அவர் எத்தனை டம்ளர் பார்த்திருப்பாரோ. ஹேண்ட்ஓவர் நோட்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு வரி கூடுதலாக எழுதலாமா என்று மட்டும் கேளுங்கள். "பின்னாலிருந்து போனால் பதறுகிறார்." "காது மந்தம், மாஸ்க்கை இறக்கிவிட்டு எதிரே நின்று பேசவும்." "தமிழ் புரியாது, ஒடியா. ட்ரேயைக் காட்டி, பொறுத்து நின்றால் வாங்கிக்கொள்வார்." அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் புதியவராக இருந்தாலும் படித்துவிட்டுப் போவார். இன்சார்ஜ் வேண்டாம் என்றால், உங்கள் டியூட்டியில் உங்கள் கையெழுத்துக்கு மேல் நீங்கள் மட்டுமாவது எழுதுங்கள்.